மலிவு ஸ்கோப்பும் விளக்கு வைக்கிற நேரமும்

என்றும் என் வணக்கத்துக்குரிய மாமா,

அன்று அந்தப் புல்வெளியில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் மகன். நான். எங்கள் மகள் சுமதி. இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற லெஸ் என்ற வெள்ளைக்காரர். அவருடைய மனைவி மோரீன். வேறு ஒருவரும் இல்லை. நிலம் லெஸ்ஸின் தமையனுடையது. கிரெய்கிபர்னுக்கு அங்கால், மெல்பேர்ன் வீடுகள் முடிந்து செம்மறி ஆடுகள் தொடங்குகிற இடம். தமையன் அன்று அங்கே இல்லை.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே ஸ்கோப்புக்குள், ஒரே அந்தி வெளிச்சத்தில், ஒரே பொருளைப் பார்த்தோம். மூன்று பேருக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்குத் தெரியவில்லை. தெரியாத இரண்டு பேரும் உங்கள் மகனும் உங்கள் பேத்தியும்.

ஸ்கோப் என்றால் என்னவென்று கேட்பீர்கள். உங்கள் துவக்கில் அது இருக்கவில்லை. துவக்கின் முதுகில் பூட்டுகிற ஒரு சின்னத் தூரக்கண்ணாடி, மாமா. ஒரு முழம்கூட வராது. உள்ளே பார்த்தால் தூரத்து மிருகம் கிட்ட வந்து நிற்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். அவை சந்திக்கிற இடத்துக்குக் குண்டு போகும். சுற்றிவர ஒரே கறுப்பு. நடுவில் மட்டும் வட்டமாக உலகம். அந்த வட்டத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகன் துவக்குத் தூக்கினார் என்று கோபிக்கவேண்டாம். அது எப்படி வந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். ஊரில் பாலங்களுக்கு மேற்பார்வை பார்த்தவர் இங்கே மேசையில் குனிந்து மற்றவர்களுடைய பாலங்களுக்குக் கோடு போடுகிறார். அதைப் பற்றி அவர் முறைப்பட்டதில்லை. ஆனால் மத்தியான இடைவேளையில் தனியே இருந்துதான் சாப்பிடுவார் என்பது அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுகிற எனக்குத் தெரியும். தனியே சாப்பிடுகிறவர்தான் அப்படி ஒரு பருக்கையும் மிச்சமில்லாமல் சாப்பிடுவார். பேச ஆள் இருந்தால் மிச்சம் வரும்.

ஒருநாள் பெட்டியில் பாதி மிச்சம். வாசலிலேயே கதை தொடங்கியது.

"இஞ்சேரும், எங்கட மரை இஞ்ச நிக்குதாம்."

"எந்த மரை?"

"வன்னி மரையப்பா. முந்தின வெள்ளைக்காரன் சிலோனிலயிருந்தும் இந்தியாவிலயிருந்தும் கப்பல்ல கொண்டந்து விட்டவனாம். இப்ப கிழக்கு மலை முழுக்க அதுதானாம். லெஸ் சொன்னவன். அதுகளிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லையாம்."

அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கே ஞாபகம் இல்லை. லெஸ்ஸும் கூட்டாளிகளும் மலைக்கு அந்தப் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள். நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவர் இவரை ஓரிடத்துக்கு வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் மச்சம் மாமிசம் தொடாதவள். உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே என்னைத் தீட்சை கேட்க அழைத்துப் போனீர்கள். வேட்டை என்றதும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை எப்படி மறிப்பது? வெள்ளிக்கிழமையிலும் விரத நாட்களிலும் துவக்கைத் தொடக்கூடாது, இறைச்சி என் குசினிப் படி தாண்டக்கூடாது, கராஜில் தனிச் சட்டி, தனி அகப்பை என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். துவக்கு லெஸ்ஸினுடைய பழையது, உலக யுத்த காலத்துச் சாமான். ஸ்கோப் மட்டும் நாங்கள் வாங்கவேண்டும். வீட்டுக் கணக்கு என் கையில் என்பதால் தெரிவும் என் கைக்கு வந்தது.

நான் படித்தது நீங்கள் திண்ணமாய் நின்று என் தகப்பனாரிடம் சம்மதம் வாங்கித் தந்த ஐந்தாம் வகுப்பு வரைதான். மிச்சத்தைப் பேப்பரும் வானொலியும் ஒரு பழைய அகராதியும் சொல்லித் தந்தன. லெஸ் கொடுத்த ஸ்கோப் விலைப் புத்தகத்தைப் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி விரல் வைத்து வாசித்தேன். முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம். துவக்கு வெடிக்கும்போது பின்னால் உதைக்கும், ஆகவே கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் அளவாவது விலகியிருந்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் புருவம் வெடிக்கும். மலை மழையில் உள்ளே நீராவி பிடிக்கக்கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தால் விலைக்குப் பயப்படத் தேவையில்லை, மலிவிலும் நல்லது உண்டு.

கடைக்காரர் மூன்றை மேசையில் வைத்தார். யப்பான்காரரின் நாலு மடங்கு ஒன்று, முன்கண்ணாடி முப்பத்திரண்டு மில்லிமீற்றர். மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை திருகிக்கொள்ளக்கூடிய ஒன்று. பிறகு துணியில் சுற்றி வைத்திருந்த ஜேர்மன் ஸ்கோப். முதலாவது எங்கள் ஒரு கிழமைச் சாமான் செலவு. கடைசியானது ஒரு மாத வாடகைக்கு மேல்.

இவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கடை வாசலில் நின்று, எதிர்ப்பக்க மருந்துக்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். நல்ல வெயில். மூன்றிலும் கீழ்வரியில் இருந்த பொடி எழுத்தைக்கூடத் தடக்காமல் வாசித்தார். அதை நான் மறக்கவில்லை, மாமா. அன்று அவருடைய கண்ணில் ஒரு குறையையும் நான் காணவில்லை.

"மழையில் தண்ணீர் உள்ளுக்குப் போகுமா?" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். சீலை கட்டிய பெண் ஸ்கோப் விசாரிப்பதைக் கடைக்காரர் கண்டிருக்கமாட்டார். சிரித்துக்கொண்டு போய் ஒரு வாளியில் சுடுநீர் கொண்டுவந்து, அந்த யப்பான் ஸ்கோப்பை அமுக்கிப் பிடித்தார். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

அங்கேயே இவர் ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் படம் கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். "முப்பத்திரண்டை நாலால பிரியும். எட்டு. கண்ணுக்கு வாற வெளிச்சம் எட்டு மில்லிமீற்றர் அகலம். மனுசன்ர கருமணி எவ்வளவு இருட்டிலயும் ஏழுக்கு மேல விரியாது. இதுக்கு மேல வெளிச்சம் வந்தாலும் கண் வாங்காது. விலை கூடினதுக்குக் குடுக்கிற காசு கண்ணுக்கு வெளியில சிந்தும்."

"அப்ப மலிவே போதும்," என்றேன். "மரையும் பிழைச்சுப் போகட்டும்."

"உம்மட கட்சி மரைக் கட்சிதானே," என்றார்.

சிரித்துக்கொண்டு வாங்கினோம். நல்ல தெரிவு. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஸ்கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

மலைக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார். திரும்பவும் போனார், திரும்பவும் வெறுங்கை. விடியற்புறத்திலும் பொழுதுபடுகிற நேரத்திலும்தானாம் மரை பற்றையை விட்டு வெளியே வரும். பக்கத்தில் நின்ற லெஸ், "அந்தா, அந்த மரத்தடி" என்று காட்டுவாராம். ஸ்கோப்புக்குள் ஒரே இருட்டாம். மலிவுச் சாமான் அந்திக்கு உதவாது என்று மற்றக் கூட்டாளிகள் பகிடி பண்ணினார்களாம். எங்கள் சுமதி ஒரு மட்டையில் மரை ஒன்று கும்பிடுகிற மாதிரிக் கீறி, "நன்றி அப்பா" என்று எழுதித் துவக்குப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். இவரும் அதைக் கிழிக்கவில்லை.

நானோ சந்தோஷப்பட்டேன். இங்கே கோயில் இல்லை, மாமா. படுக்கைத்துணி வைக்கிற அலுமாரியின் நடுத்தட்டுத்தான் எங்கள் சாமியறை. அவர் வெறுங்கையோடு வந்த ஒவ்வொரு முறையும் ஒரு திரி கூடப் போட்டு விளக்கேற்றினேன். ஒரு உயிர் தப்பியது, அந்தப் பாவம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கும்பிட்டேன். எதற்காக நன்றி சொன்னேன் என்று இப்போது நினைத்தால் அந்த அலுமாரிக் கதவைத் திறக்கக் கை வருகுதில்லை.

பிறகு இவர் அந்த ஜேர்மன் ஸ்கோப்பின் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். எட்டு, ஏழு என்று தான் கீறிக் காட்டிய கணக்கையே மறந்துவிட்டார். லெஸ்தான், "வீணாகக் காசைக் கொட்டாதே, பூட்டிய இடத்தில் ஸ்கோப் ஆடுதோ தெரியாது, தமையன்ர நிலத்துக்குக் கொண்டு வா, பரிசோதிப்போம்" என்றார். அப்படித்தான் குளிர் தொடங்கிய அந்த ஞாயிறு நாங்கள் ஐந்து பேரும் அங்கே போனோம்.

பின்னேரம் வெளிச்சம் இருக்கும்வரை உங்கள் மகன் சுட்டதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு மரக்குற்றியில் மணல் மூட்டையை வைத்து, அதில் துவக்கைச் சாத்தி, கோடு போடுகிற அதே கையால் சுட்டார். தூரத்து மட்டையில் விழுந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் என் உள்ளங்கையால் மூடலாம். லெஸ் அந்த மட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து மோரீனுக்குக் காட்டினார். "இந்த மனுசன் ஏன் மலையில் ஒன்றையும் விழுத்துகிறான் இல்லை?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். நாங்களும் சிரித்தோம். மோரீன் கேக் கொண்டுவந்திருந்தா. நான் முறுக்குக் கொண்டு போனேன். பிளாஸ்கில் தேத்தண்ணீர்.

பொழுது சரிந்தது. "இனித்தான் மரையின் நேரம்," என்றார் லெஸ். வேலியோரம், பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கீழ், வெள்ளைப் பூச்சு அடித்த ஒரு பால் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். துவக்கில் குண்டெல்லாம் எடுத்து, குண்டு ஏற்றுகிற இரும்புத்தண்டையும் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டார். "இனி இது வெறும் தடி. பயமில்லாமல் எல்லோரும் பாருங்கள்."

லெஸ் பார்த்தார். "வாளி தெரிகிறது. கைபிடிகூடத் தெரிகிறது."

மோரீன் பார்த்தா. "வாளிக்குப் பக்கத்தில் ஒரு முயல்," என்றா.

இவர் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். திரும்பவும் பார்த்தார். "ஒண்டுமில்லை. கரி அள்ளிப் பூசின மாதிரி."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் என் வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் கொடுத்தேன். வெள்ளை வாளி. அதன் கைபிடி. முயல். முயலின் காது அசைந்தது. எல்லாம் மங்கல், ஆனால் எல்லாம் இருந்தன.

"எனக்குத் தெரியுது," என்றேன்.

"உமக்குச் சும்மா தெரியும். நீர் வாங்கின சாமானெல்லே," என்றார் இவர்.

அப்போதுதான் சுமதி ஓடி வந்தாள். "நானும், நானும்." குனிந்தாள். ஸ்கோப்பை விட்டு நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்தாள். திரும்பவும் குனிந்தாள்.

"அம்மா, அங்க ஒண்டுமில்லை. இட்ஸ் ஜஸ்ட் பிளாக்."

"வடிவாப் பார், பிள்ளை. வெள்ளை வாளி."

"இல்லையம்மா. அப்பா சொல்லுறதுதான் சரி. நீங்கள் எல்லாரும் பகிடி விடுறீங்கள்."

உங்கள் மகனுக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. "பாத்தீரே? பிள்ளைக்கும் தெரியேல்லை. பிள்ளையின்ர கண் பொய் சொல்லாது. ஸ்கோப்தான் பிழை." மகளின் தோளில் கை போட்டுக்கொண்டார். லெஸ் மோரீனைப் பார்த்தார். மோரீன் என்னைப் பார்த்தா. நான் ஒருவரையும் பார்க்கவில்லை.

லெஸ்ஸின் கார் நிறுத்திய வேலிப் படலைவரை நடந்தோம். தகப்பனும் மகளும் கைகோத்துக்கொண்டு முன்னால் போனார்கள். நான் பின்னால் வந்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் காலை உயரத் தூக்கி, தண்ணீருக்குள் நடக்கிறவர்களைப்போல் வைத்து வைத்து நடந்தார்கள். ஒரு வண்டித்தடம் வந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். அந்த நடையை நான் முன்பு கண்டிருக்கிறேன், மாமா. கோயில் வீதியில், உங்களில்.

அன்றிலிருந்து நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லோரும் உள்ளே வந்துவிடவேண்டும். அது உங்கள் கட்டளை. கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் பொழுதுபட முன்னம் நீங்கள் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்துவிடுவீர்கள். எவ்வளவு பக்தியான மனிதர் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். உங்கள் மகனைக் கட்டியபோது, இவரும் பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வருகிறவர் என்று என் அம்மா எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டா. இங்கே வந்தபிறகும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வேலையால் இவரை லெஸ் தன் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார். நல்ல சினேகிதம் என்று நினைத்தேன். இரவில் கார் ஓட்டமாட்டார். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நெருப்பு மூட்டி வெடி கொளுத்துகிற இரவில் சுமதி வெளியே போகாமல் சாமித்தட்டின் முன்னால் வந்து இருந்தாள். தாத்தாவின் பேத்தி என்று நினைத்தேன். ஒருநாள் விளக்கின் பக்கத்தில் இருந்த சாம்பிராணித் தட்டைத் தட்டி விழுத்தினாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஏசினேன்.

மற்ற வீடுகளில் பிள்ளை இருட்டில் தடுக்கினால் டொக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள். நாங்கள் விளக்கேற்றிக் கும்பிட இருத்தினோம். வெளியே இருட்ட முன்னம் உள்ளே வருகிற பிள்ளையை எந்தச் சைவத் தாய் சந்தேகிப்பாள்?

நீங்கள் சொல்லுங்கள். விளக்கு வைக்க வந்தீர்களா, அல்லது தெரியாமல் வந்தீர்களா? வீதியில் ஆட்கள் பக்கத்தால் போய் வணக்கம் சொன்னாலும் நீங்கள் திரும்பாமல் போவீர்கள். மனதுக்குள் மந்திரம் ஓடுகிறது என்றார்கள். பக்கத்தில் நின்றவர் உங்களுக்குத் தெரியாமல் போனதா? வயல் காவலுக்கு வைத்திருந்த துவக்கைத் திடீரென்று ஒருநாள் விற்றுவிட்டு, இனி உயிர் கொல்லமாட்டேன் என்றீர்கள். அது சைவத்துக்காகவா, மாமா, கண்ணுக்காகவா? கடைசி வருடங்களில் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனீர்கள். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, வயது என்றோம். அப்போது உங்களுக்கு என்ன வயது? கணக்குப் பார்த்தேன். பெரிய வயது இல்லை.

இவருக்குச் சொல்லாமல் சுமதியை நகரத்துக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்தில் சுவரில் எழுத்துக் காட்டிப் பார்த்தபோது அவளுக்கு அருமையான கண் என்று எழுதித் தந்தவர்கள். வெளிச்சத்தில் பார்த்தால் அப்படித்தான். இந்த டொக்டர் கண்ணில் மருந்து விட்டு, அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன வெளிச்சத்தால் கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தார். அதிகநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையை வெளியே கதிரையில் இருத்திவிட்டு வந்து, குடும்பத்தில் யாருக்காவது இருட்டில் தெரியாமல் இருக்கிறதா என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். இவரைச் சொன்னேன்.

"நீங்களும் உங்கள் கணவரும் உறவா?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்திருந்துதான் பதில் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். "ஓம். என் அம்மாவின் அண்ணன் மகன். சொந்த மச்சான். அவருடைய அப்பாவும் அம்மாவும்கூடச் சொந்தம்தான்." டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. இது இரத்தத்தில் வருவது, உறவுக்குள் கட்டினால் இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும் என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் பாதி என்னிடமிருந்து போயிருக்கிறது. இருட்டில் முயலின் காது தெரிகிற என் கண்ணிலிருந்து.

கண்ணாடி போட்டால்? இல்லை. மருந்து? இல்லை. வெட்டினால்? இல்லை. கரட்? முருங்கையிலை? சுறா எண்ணெய்? நல்லது, கொடுங்கள், ஆனால் அதனால் திரும்பி வராது என்றார். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கங்கள் போகும். நடு மட்டும் நிற்கும், பல வருடங்களுக்கு. "ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி," என்றார்.

"ஸ்கோப்புக்குள் பார்க்கிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"ஓம், அப்படித்தான்," என்றார். சுற்றிவரக் கறுப்பு. நடுவில் வட்டமாக உலகம். அந்த வட்டம் வரவரச் சிறுக்கும். கடைசியில் அதுவும் மூடலாம். எப்போது என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம், தகப்பனையும் கொண்டு வாருங்கள் என்றார்.

ரெயினில் வரும்போது சுமதி யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"அம்மா, மற்றவைக்கு இருட்டில தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும், பிள்ளை."

"உண்மையாவோ? நான் நினைச்சன், எல்லாருக்கும் ஒண்டும் தெரியாது, எல்லாரும் தெரியிற மாதிரி நடிக்கினம் எண்டு."

பிராட்மெடோஸ் ஸ்ரேசனில் இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். கையைப் பிடிக்கிற வயதைத் தாண்டியவள். இவ்வளவு நாளும் அன்பினால் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நேற்று மத்தியான இடைவேளையில், இவர் வேலையில் இருக்கும்போது, லெஸ்ஸின் கார் வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் இரவில் கார் ஓட்டுவதில்லை, அப்படித்தானே? இவ்வளவு நாளும் நான் கொண்டுவந்து விடுவது பேச்சுத்துணைக்கு என்று நினைத்தேன்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன், லெஸ்."

"இனி அவனை மலைக்குக் கூட்டிப்போகேலாது. துவக்கோடு நிற்கிறவனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறான் என்று தெரியவேண்டும். அவன் என் மேட், என் கூட்டாளி. ஆனால் எனக்கு அதைச் சொல்ல வாய் வருகுதில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டொக்டரும் என்னிடம்தான் விட்டார், லெஸ்ஸும் என்னிடம்தான் விட்டார்.

பின்னேரம் இவர் வந்தார். கையில் அந்த ஜேர்மன் ஸ்கோப்பின் படம். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கடைக்காரன் பழைய ஸ்கோப்பைத் திருப்பி எடுக்கிறானாம். வித்தியாசத்தைப் போட்டாச் சரி. சனிக்கிழமை போவம். நீரும் வாரும்."

"இப்ப இருக்கிறது காணாதே?"

"நீரே கண்டனீர்தானே, எனக்கும் பிள்ளைக்கும் தெரியேல்லை. இதில தெரியும். லெஸ்ஸுக்குச் சொல்லாதையும். அடுத்த முறை மலையில வைச்சு அவனுக்குக் காட்டவேணும்." படத்தை மடித்துக்கொண்டு சொன்னார், "உம்மட கணக்கில இடமிருக்கோ எண்டு பாரும். நீர் வேண்டாம் எண்டா வேண்டாம்."

இடம் இருக்கிறது, மாமா. அதுதான் கரைச்சல். இல்லையென்றால் இல்லை என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

சனிக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. கடை வாசலில் வெயில் அடிக்கும். இவர் அந்த ஸ்கோப்பைத் தூக்கி எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையைப் பார்ப்பார். பொடி எழுத்தெல்லாம் வாசிப்பார். இவ்வளவு வடிவாகத் தெரியுது என்று என் பக்கம் திரும்புவார். அந்தச் சந்தோஷம் உண்மையாக இருக்கும். பகல் முடிகிறவரைக்கும் இருக்கும். அந்திக்கு மலையில், ஜேர்மன் ஸ்கோப்பும் கறுப்பாக இருக்கும்போது, குறை சொல்ல அவருக்கு ஒரு மலிவுச் சாமான்கூடக் கையில் இராது. மலைக்குத்தான் யார் கூட்டிப்போகப் போகிறார்கள்? அதையும் நான்தான் சொல்லவேண்டும். பிறகு பிள்ளையைப் பற்றி. பிறகு கோடு போடுகிற வேலை எத்தனை வருடத்துக்கு என்று.

இந்தக் கடிதத்தை இங்குள்ள எங்கள் ஆட்கள் சுற்றுக்கு விடுகிற மாதத் தாளுக்கும் கொடுக்கப் போகிறேன். அது மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் இவருக்கு என் வாயால் தெரிந்திருக்கும். வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்னவும் நினைக்கட்டும். உங்கள் வீட்டிலும் பொழுதுபட முன்னம் ஓடிவந்து விளக்கடியில் இருக்கிற பிள்ளை இருந்தால், ஒருநாள் அந்தியில் முற்றத்தில் ஒரு வெள்ளை வாளியை வைத்து, தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் கும்பிடட்டும்.

மாமிக்கு எப்போது தெரியும்? நீங்கள் சொன்னீர்களா, அவ கண்டுபிடித்தாவா? கண்டுபிடித்தும் சொல்லாமல் தோளைத் தந்தாவா? சொல்லியிருந்தால் உங்களுக்கு நல்லாயிருந்திருக்குமா, அல்லது சொல்லாமல் விட்டதால்தான் உங்களுக்கு அந்தக் கொஞ்ச வருடங்கள் கிடைத்தனவா? அவவிடமும் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தானே இருப்பீர்கள்.

நான் ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் சூரியன் சாய முன்னமே வாசல் லைற்றைப் போட்டுவிடுவேன். வீட்டில் யார் தடுக்கினாலும் ஏசமாட்டேன். ஊரில் யாராவது உங்களைப் பக்தியான மனிதர் என்று சொன்னால் ஓம் என்று மட்டும் சொல்வேன், வேறு ஒன்றும் சொல்லமாட்டேன். விளக்கும் வைப்பேன், ஒற்றைத் திரியில். என் கையைப் பிடிப்பவர்களுக்கு அது அன்பினாலா கண்ணினாலா என்று ஆராயாமல் கையைக் கொடுப்பேன். இதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் கடை திறந்துவிடும். அந்த ஸ்கோப்பை வாங்க விடட்டுமா, அதற்கு முதல் சொல்லிவிடட்டுமா? கனவிலோ, பூக்கட்டிப் பார்க்கிறதிலோ, உங்களுக்கு எது சுலபமோ அதில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க முன்னம் எனக்குப் பதில் வேண்டும், மாமா.

உங்கள் தங்கையின் மகளும், உங்கள் மகனின் மனைவியும், சுமதியின் தாயுமான
உங்கள் மருமகள் பரமேஸ்வரி